மூன்று பூட்டும் ஏழுகல் தோடும்

நவம்பர் 3, ஞாயிறு

இது பொழுதுபோக்கு. முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்து, உலகம்மாள் டீச்சர் பூட்டுத் திறக்கப் பழகினாளாம் என்று ஊரில் பேச்சு வந்தால் இந்த வரியைக் காட்டலாம். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழம்மா ஐம்பது வயதுக்கு மேல் வீணை பழகுகிறார். எனக்கு ஐம்பத்தொன்று. எனக்குப் பூட்டு. அறிவியல் நடத்துகிறவளுக்குப் பூட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வரக்கூடாதா?

சாமான் நேற்று கூரியரில் வந்தது. கொண்டுவந்தவன் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், கலகலங்கு?" என்றான். பள்ளிக்கூடச் சாமான் என்றேன். அவன் ஏன் குலுக்க வேண்டும்?

உள்ளே ஒரு கண்ணாடிப் பூட்டு. உண்மையில் பிளாஸ்டிக்தான், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். ஐந்து குட்டி ஊசிகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். சாவி போட்டால் ஐந்தும் அதனதன் உயரத்துக்கு எழும்பி வழிவிடும். சாவி இல்லாதவள் இரண்டு கம்பியால் அதைச் செய்ய வேண்டும். வளைந்த கம்பியால் பூட்டின் வாயை லேசாகத் திருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய கம்பியால் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த வேண்டும். பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 6, புதன்

ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு ஊசிகூட நிற்கவில்லை. உளுந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

தென்காசியிலிருந்து அண்ணன் போன். அம்மாவின் வருஷத் திதி ஜனவரி பத்தொன்பதாம் தேதி வருகிறதாம். "ஞாத்துக்கிழமையாப் போச்சு, நல்லதாப் போச்சு. எல்லாரும் வந்துருவாவ. மாமா, அத்தைமாருக்கெல்லாம் சொல்லிட்டேன். அன்னைக்கே எல்லாத்துக்கும் முன்னால வச்சுப் பெட்டியத் திறந்துருவோம்" என்றான். எல்லாருக்கும் முன்னால் எதற்கு என்று கேட்டேன். "நாளைப்பின்ன ஒரு பேச்சு வரக்கூடாதுல்லா" என்றான்.

பெட்டியைப் பற்றி எழுதவில்லையே. பூஜை அறையில் சுவரோரம் இருக்கிறது, அம்மாவின் இரும்பு டிரங்குப் பெட்டி. அம்மா போன பதினாறாம் நாள் அதற்கு மூன்று பூட்டுப் போட்டோம். அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தூத்துக்குடியில் இருக்கும் தங்கை ஆவுடைக்கு ஒன்று. அவரவர் பூட்டு, அவரவர் சாவி. இது அண்ணனின் யோசனை. அவன் கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். உண்டியலுக்கு மூன்று பேர் மூன்று பூட்டுப் போட்டு, மூன்று பேரும் சேர்ந்து நின்று திறக்கிற வழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். "சந்தேகம்னு இல்லட்டி, ஒரு முறை" என்று வேறு சொன்னான். சந்தேகம் இல்லாத வீட்டில் பூட்டு எதற்கு?

பூட்டும் முன்னால் அவன் பட்டியல் எழுதினான். ஆவுடை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வெள்ளிக் கும்பா, இருக்கு. கல்யாணக் கூறைச்சேலை, இருக்கு. ஏழுகல் தோடு ஒரு ஜோடி என்று அண்ணன் வாசித்ததும் சிவப்பு நகை டப்பியை எடுத்தாள். தன் பக்கமாகத் திருப்பித் திறந்து பார்த்தாள். ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "இருக்கு" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? பத்து மாதமாக இதே யோசனைதான்.

அதோடு விட்டாளா? பெட்டியை மூடப்போகிற நேரத்தில், "ஒரு நிமிஷம், அம்மா சேலைய ஒருதடவ மோந்து பாத்துக்கிடுதேன்" என்று முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். இரண்டு நிமிஷமாவது இருக்கும். முந்தானையை எடுக்காமலேயே எழுந்து போனாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் நம்பவில்லை. பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்தவளுக்குப் பக்கத்தில் இருந்தது நான். வருஷத்துக்கு நாலு தடவை வந்து போகிறவளுக்கு அவ்வளவு அழுகை எங்கிருந்து வந்தது?

நவம்பர் 17, ஞாயிறு

திறந்தது! கண்ணாடிப் பூட்டுதான், ஆனாலும் திறந்தது. இத்தனை நாளும் நான் செய்த தப்பு, அழுத்திக்கொண்டே இருந்தது. அழுத்தினால் ஊசிகள் முரண்டு பிடிக்கின்றன. வளைந்த கம்பியின் மேல் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இருந்தால் போதும். எது முட்டுகிறதோ அதை மட்டும் தூக்க வேண்டும். டிக் என்று ஒரு சத்தம், விரல் நுனிக்கு மட்டும் தெரிகிற சின்ன அசைவு. அடுத்தது. அடுத்தது. பிறகு பூட்டே தன்னால் திரும்புகிறது. சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று கைதட்டினேன். இத்தனை சந்தோஷம் எனக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

மாடியில் குடியிருக்கும் ஜெபசீலி எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், காலையில இருந்து டிக்கு டிக்குன்னு சத்தம் கேக்கு?" என்றாள். கடிகாரம் ரிப்பேர் என்றேன். இவளுக்கு ஆவுடையிடம் போன் பேச்சு உண்டு. போன பொங்கலுக்கே நம்பர் வாங்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மார்க்கெட்டில் மீரான் பாய் கடையில் இரண்டு பூட்டு வாங்கினேன். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பெட்டியில் ஆவுடையும் அண்ணனும் போட்டிருக்கிற பூட்டுகளும் அதே கம்பெனி, அதே அளவு என்பது தற்செயல்.

டிசம்பர் 1, ஞாயிறு

சின்னப் பூட்டு மூன்று தடவை. பெரியது ஒரு தடவைகூட இல்லை. அடைமழை. துணி காயவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எழுதி முடித்தேன். பகலில் ஆவுடை வீடியோவில் கூப்பிட்டாள். பேச்சு ஒன்றும் இல்லை, சும்மா. நான் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தேன். வெறும் காது. ஆடி அமாவாசைக்கு வந்தபோதும் வெறும் காதுதான்.

"தோடு எங்கட்டி?" என்றேன்.

"கவரிங் போட்டேன், காது புண்ணாயிட்டுக்கா. ஆறட்டும்னு விட்டுட்டேன்."

கவரிங் ஏன் போட வேண்டும்? அம்மா தன் தோட்டைப் போலவே, அதே ஆசாரியிடம், அதே ஏழு கல் வைத்து அவள் கல்யாணத்துக்குச் செய்து போட்டிருக்கிறாளே. இருபத்து மூன்று வருஷம் அதைக் கழற்றாதவள். எனக்குப் புரிந்துவிட்டது. தன்னுடையதை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டு, மூளிக் காதோடு திதிக்கு வந்து நிற்பாள். அண்ணன் மனம் இளகி, அம்மா தோட்டை நீயே வச்சுக்கோட்டி என்பான். அப்போது டப்பியைத் திறப்பாள். நல்ல திட்டம்தான்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. விளக்கேற்றினேன். ஒற்றை ஆளுக்கு இருபத்தோரு விளக்கு. பெரிய பூட்டு இன்றைக்குத் திறந்தது. ஆறு ஊசி, நாற்பது நிமிஷம்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஜெபசீலி சர்ச்சுக்குப் போனதும் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பழகிப் பார்க்கத்தான். ஆவுடையின் பூட்டு பத்து நிமிஷத்தில் திறந்தது. திறந்த உடனே அமுக்கிப் பூட்டிவிட்டேன். அடுத்தவள் பூட்டைத் திறப்பதும் கண்ணாடிப் பூட்டைத் திறப்பதும் ஒன்றில்லை. சாமி படங்கள் எல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அண்ணனுடையதைத் தொடவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

சொல்லாமல் கொள்ளாமல் ஆவுடை வந்து நின்றாள். லீவாம், என்னைப் பார்க்க வேண்டும் போல இருந்ததாம். மக்ரூன் வாங்கி வந்திருந்தாள். வேவு பார்க்க வந்தாளா என்று முதலில் தோன்றியது. காதில் ஒன்றும் இல்லை. துவாரத்துக்கு ஒரு வேப்பங்குச்சிகூடப் போடவில்லை. வலது காது மடலில் சிவப்புத் தழும்பு.

மத்தியானம் அவளே சமையலுக்குப் புகுந்தாள். "உளுந்த வடை தட்டுவோமாக்கா? நீ ஒத்தைக்கு ஒண்ணும் செஞ்சிருக்க மாட்ட" என்று அலமாரியில் உளுந்து டப்பாவின் மேல் கை வைத்தாள்.

"அத எடுக்காத, வண்டு விழுந்து கெடக்கு" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள். "சரிக்கா, பருப்பு வடை போடுவோம்" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. வண்டு விழுந்தால் புடைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்கிறவள் அவள். சொல்லவில்லை.

போகும்போது பூஜை அறையில் கும்பிட்டாள். பெட்டியையும் தொட்டுக் கும்பிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உடம்பப் பாத்துக்கோக்கா. எதையும் நினைச்சு மருகாத" என்றாள். எதை நினைத்து?

அவளுக்குத் தெரியும்.

டிசம்பர் 27, வெள்ளி

எழுதிவிடுகிறேன். நானே என் நோட்டுக்குப் பயந்து பயந்து எழுதினால் எதற்கு ஒரு நோட்டு?

அம்மாவின் தோடு பெட்டியில் இல்லை. உளுந்து டப்பாவில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, உளுந்துக்கு அடியில்.

அம்மா போன அன்றைக்கு, குளிப்பாட்டும் முன்னால் அவள் காதிலிருந்து அதைக் கழற்றியது நான். வேறு யாருக்கும் கழற்றத் தெரியாது. வலது தோட்டில் திருகின் மரை தேய்ந்து போயிருந்தது. பச்சை நூலைச் சுற்றித்தான் முடுக்குவேன். வாரம் ஒருநாள் கழற்றி, காதைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, மறுபடி மாட்டுவேன். பதினொரு வருஷம். அம்மாவுக்குக் கடைசியில் என் பெயர் மறந்துவிட்டது, ஆனால் நான் பக்கத்தில் போனால் காதைத் திருப்பிக் காட்டுவாள். அந்த அம்மாதான், "உனக்கு எதுக்குட்டி தோடு, ஸ்கூலுக்குப் போறவளுக்குச் சின்னதா இருந்தாப் போதும்" என்று ஆவுடைக்கு மட்டும் செய்து போட்டவள். கழற்றிய தோடு என் உள்ளங்கையில் இருந்தது. டப்பியைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தேன். தோட்டை வைக்கவில்லை. அவ்வளவுதான். திருடினேன் என்று அப்போது தோன்றவில்லை. பிறகுதான் பட்டியல், பூட்டு எல்லாம் வந்தது.

ஆக, ஆவுடை திறந்தது காலி டப்பி. காலி டப்பியைப் பார்த்துவிட்டு, இருக்கு என்றாள். அன்றைக்கே இல்லை என்றிருந்தால் மூன்று பேருக்குள் போயிருக்கும். வருஷத் திதிக்கு மாமா வருவார், அத்தைமார் வருவார்கள். பெட்டி இருப்பது என் வீட்டில். பதினொரு வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெயர் ஒரு நிமிஷத்தில் கள்ளி என்று ஆகிவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் ஒரு வருஷம் காத்திருக்கிறாள். பத்தொன்பதாம் தேதிக்கு முன்னால் தோடு டப்பிக்குள் இருந்தாக வேண்டும்.

ஆக, பொழுதுபோக்கு இல்லை.

ஜனவரி 3, வெள்ளி

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சாயங்காலம் அண்ணன் பூட்டு. ஒன்றரை மணி நேரம். பழகிய பூட்டு போல இல்லை, உள்ளே துரு போல இருக்கிறது. நாலாவது ஊசி அசையவே மாட்டேன் என்கிறது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். காலையில் இளகியிருக்கும்.

ஜனவரி 4, சனி

மோசம் போனேன். மார்கழிக் குளிரில் எண்ணெய் பூட்டுக்குள்ளேயே உறைந்துவிட்டது. பாட்டிலில் உறைந்திருந்ததை வெந்நீரில் வைத்து இளக்கித்தான் நேற்றுப் பூட்டில் விட்டேன். வேதியியல் படித்தவள்! கம்பி உள்ளே போகிறது, வெண்ணெயில் குத்தின மாதிரி. ஆறு ஊசியும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இனி அண்ணன் சாவியே போட்டாலும் திறக்குமோ என்னவோ.

ஜனவரி 7, செவ்வாய்

மீரான் பாயிடம் யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். சிரித்துவிட்டார். "பூட்டுக்குத் தேங்கெண்ணெயா? எந்தப் புத்திசாலி டீச்சர் அது? சூடு காட்டித் துடைச்சு எடுக்கச் சொல்லுங்க. பெறவு பென்சிலச் சீவி அந்தக் கரித்தூளப் போடச் சொல்லுங்க." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "ஒண்ணர மாசம் முன்ன ரெண்டு பூட்டு வாங்கிட்டுப் போனியள்லா, நல்லா இருக்கா?" என்றார். இவருக்கு எதற்கு இவ்வளவு ஞாபக சக்தி?

ஜனவரி 11, சனி

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, துணி சுற்றி, பூட்டோடு ஒட்டிப் பிடித்தேன். எண்ணெய் இளகி ஒழுகியது. பழைய பிளவுஸ் துணியைத் திரித்து உள்ளே விட்டு எடுத்தேன். பென்சில் தூள் போட்டேன். திறக்கவில்லை. இன்னும் எட்டு நாள். சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. ஆவுடை போனில், "பொங்கிட்டாக்கா?" என்றாள். ஆமாம் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

காலை பத்தரை மணிக்கு அண்ணன் பூட்டு திறந்தது. நாலாவது ஊசியைக் கடைசியாக விட்டேன். அது எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று மற்ற ஐந்தையும் பார்த்தேன். அது தன்னால் வந்தது. ஆவுடை பூட்டு ஐந்து நிமிஷம். என்னுடையதற்கு என் சாவி.

மூடியைத் தூக்கினேன். அம்மா வாசனை ஒன்றும் இல்லை, நாப்தலின் வாசனைதான். உறையிலிருந்து தோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிவப்பு டப்பியைத் திறந்தேன்.

டப்பி காலியாக இல்லை.

ஏழுகல் தோடு ஒரு ஜோடி உள்ளே இருந்தது. என் கையில் ஒரு ஜோடி, டப்பியில் ஒரு ஜோடி. எனக்கு முன்னால் யாரோ பெட்டியைத் திறந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தி அந்த வழியில்தான் போகிறது. அண்ணனா, ஜெபசீலியா என்று யோசித்தேன். பிறகு திருப்பிப் பார்த்தேன். நூல் இல்லை. மரை தேயவில்லை. இடது தோட்டில் ஒரு கல் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கும், அது அவள் தலைப்பிரசவத்தின்போது கல் விழுந்து மாற்றிக் கட்டியது. நான்தான் ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆவுடையின் தோடு.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்திருந்தாளே, அப்போது கழற்றியிருக்கிறாள். காலி டப்பியைப் பார்த்ததும், தோடு யார் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கழற்றத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. அண்ணன் பட்டியலோடு நிற்கிறான். இருக்கு என்று சொல்லிவிட்டு, இருக்கும்படி செய்துவிட்டாள்.

சாமிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினேன். நவம்பர் பத்து, டிசம்பர் எட்டு, டிசம்பர் இருபத்தாறு. எல்லாம் என் கையெழுத்துதான். முந்தானை, வெறும் காது, தழும்பு. ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூடப் புரியவில்லை. அழுதேன். அம்மா போனபோது வராத அழுகை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை எழுத வேறு வார்த்தை தெரியவில்லை.

அம்மாவின் தோட்டை டப்பிக்குள் வைத்தேன். அவளுடையதை எடுத்துக்கொண்டேன். மூன்று பூட்டையும் அமுக்கினேன். இப்போது உளுந்து டப்பாவில் இருப்பது ஆவுடையின் தோடு. இதை எப்படிக் கொடுப்பேன்?

ஜனவரி 18, சனி

வீடு கழுவினேன். நாளைக்கு இருபது பேர். வாழைக்காய், சேனை, பூசணி வாங்கியாயிற்று. உளுந்தை நனைக்க வேண்டும். டப்பாவைக் காலி செய்துவிட்டேன். தோட்டை இடுப்பில் முடிந்திருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

எல்லாரும் போய்விட்டார்கள். வரிசையாக எழுதுகிறேன்.

பிண்டம் வைத்து, காகத்துக்கு வைத்து, பந்தி முடிந்ததும் அண்ணன் பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வரச் சொன்னான். மாமா நாற்காலியில், அத்தைமார் பாயில். முதலில் அண்ணன் சாவி போட்டான். வழுக்கிக்கொண்டு போய்த் திறந்தது. திறந்தவன் விரலைத் தேய்த்துப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான்.

"ஏட்டி உலகு, எம் பூட்டுல என்ன தேங்கெண்ணெ வாசனை அடிக்கி?"

மாமா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"நான்தான்ணே" என்றாள் ஆவுடை. "லீவுக்கு வந்தப்பப் பாத்தேன், துருப்பிடிச்சாப்புல கெடந்துச்சு. நாளைக்குத் திறக்காம மக்கர் பண்ணப்பிடாதுன்னு மூணுக்கும் ரெண்டு சொட்டு விட்டேன்."

"தேங்கெண்ணெயவா விடுவாவ பூட்டுக்கு? கூறுகெட்டவ" என்றான் அண்ணன். அத்தைமார் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பட்டியல் வாசித்தான். கும்பா, கூறைச்சேலை, குத்துவிளக்கு. ஏழுகல் தோடு ஒரு ஜோடி. ஆவுடை டப்பியை எடுத்துத் திறந்தாள். பச்சை நூலைப் பார்த்தாள். விரலால் அந்த நூலைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

தோடு யாருக்கு என்று பேச்சு வந்தது. "அக்காவுக்குத்தான். திருகு மாட்டுனவ அவதான" என்றாள். எனக்கு வேண்டாம், ஆவுடை மகளுக்கு இருக்கட்டும் என்றேன். அத்தை என் கன்னத்தைத் தடவி, உம் மனசு யாருக்கு வரும் என்றாள். எல்லாருமாகச் சேர்ந்து என்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டார்கள். அதைத் திருத்த வாய் வரவில்லை.

பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஆவுடையை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். இடுப்பு முடிச்சை அவிழ்த்து அவளுடைய தோட்டை எடுத்தேன்.

"ஆவுடை, அம்மா தோட்ட அன்னைக்கு நான்தான்…"

"தெரியும்க்கா. கையில எண்ணெயத் தொட்டுக்கிட்டு மாட்டிவிடு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாட்டி."

"கேட்டா நீ மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிடுவ?" என்றாள். "பதினோரு வருஷம் ஒத்தைக்குக் கெடந்து பாத்த. ஒரு தோட்டுக்காவ ஒன்ன எல்லாத்துக்கும் முன்னால நிறுத்தச் சொல்லுதியா? நீயா வைப்பன்னு தெரியும். எப்படி வைப்பன்னுதான் தெரியல." பிறகு குரலைத் தணித்து, "பூட்ட எப்படிக்கா திறந்த?" என்றாள்.

"பொழுதுபோக்கு" என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணீரும் வந்தது.

வாசல் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார வைத்தேன். இடது காது சுலபமாகப் போய்விட்டது. வலது காதுதான். கவரிங் போட்டுப் புண்ணாகி, ஒரு வருஷம் வெறுமனே கிடந்து, துவாரம் தூர்ந்து போயிருந்தது. முன்பக்கம் குழி மட்டும் இருக்கிறது. பின்பக்கம் வழி இல்லை. என்னால் தூர்ந்தது.

"ஆசாரிகிட்டப் போய்க் குத்திக்கிடுதேன், விடுக்கா" என்றாள்.

"பேசாம இரு."

தண்டு எங்கே முட்டுகிறது என்று பார்த்தேன். முட்டிய இடத்தில் அழுத்தவில்லை. விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் திருப்பி, எண்ணெய் தொட்டு, மறுபடி கொஞ்சம். இரண்டரை மாதம் பூட்டில் பழகிய விரல். கால் மணி நேரம் ஆகியிருக்கும். தண்டு பின்பக்கம் வந்தது. ஒரு பொட்டு ரத்தம். முந்தானையால் ஒற்றிவிட்டுத் திருகை முடுக்கினேன்.

"வலிக்காட்டி?"

"இல்லக்கா" என்றாள். கண் நிறையத் தண்ணீர்.

இது எனக்காக அவள் சொன்ன மூன்றாவது பொய். தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.